திரும்பி வரும் கை

ஒரு ஜாபை அது போகும்போது பார்ப்பதைவிடத் திரும்பும்போது பார்க்க வேண்டும். பயிற்சிக்கு முதல் நாள் வரும் பையனுக்கு வாத்தியார் சொல்லித் தரும் முதல் குத்து அது. இடது காலை முன்வைத்து நின்று, இடது கையை நேராக நீட்டி, எதிராளியின் முகத்தைத் தொட்டுவிட்டு வரவேண்டும். சொல்ல இவ்வளவுதான். ஆனால் தொட்ட கை எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். பெரும்பாலானவர்களுக்குக் கை தொட்டதுமே வேலை முடிந்த நினைப்பு வந்துவிடுகிறது. கை தொய்ந்து, மார்பு உயரத்தில் சோம்பலாக ஒரு வளைவு போட்டுக்கொண்டு வருகிறது. அந்த அரை நொடி தாடை திறந்து கிடக்கிறது. நல்ல ஜாப் தறியில் நாடா ஓடுவது போல. போன தடத்திலேயே வரும், வந்த சூட்டிலேயே மறுபடி போகும்.

1935 டிசம்பரில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ லூயிஸ் ஸ்பெயின்காரரான பவுலினோ உஸ்குடுனை நான்காவது ரவுண்டில் சாய்த்தார். அன்று பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங், முன்னாள் உலக சாம்பியன். லூயிஸின் வலது கையைப் பார்த்து எல்லோரும் மலைத்துப் போனார்கள். ஷ்மெலிங் இடது கையை மனத்தில் குறித்துக்கொண்டு ஊருக்குப் போனார். ஜாப் போட்ட பிறகு அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்து வருகிறது என்பதுதான் குறிப்பு. அடுத்த ஆண்டு ஜூன் 19 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் இருவரும் மோதினார்கள். லூயிஸின் இடது தாழும்போதெல்லாம் ஷ்மெலிங்கின் வலது அதன் தலைக்கு மேலாக ஏறி வந்து தாடையில் இறங்கியது. நான்காவது ரவுண்டில் லூயிஸ் தரையில் விழுந்தார். பன்னிரண்டாவது ரவுண்டில் விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு அது முதல் தோல்வி. வயது 22.

அந்தச் சண்டையையும் அதன் மறுபோட்டியையும் இரண்டு நாடுகளும் தங்கள் அரசியலுக்கு எடுத்துக்கொண்டன. அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் நிற்க விரும்புவது நடுவில் கிடக்கும் இரண்டு ஆண்டுகளில். லூயிஸின் பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன் தன் காலத்தில் லைட்வெயிட்டாக ஆடியவர், தன்னைவிடப் பெரியவர்களோடும் மோதியவர். கனம் குறைந்தவர் பெரிய ஆளோடு நின்று பிழைக்க வேண்டுமானால் சமநிலை ஒன்றைத்தான் நம்ப முடியும். அதைத்தான் அவர் லூயிஸின் காலுக்குள் இறக்கினார். இடது கையை மேலே கொண்டுவரும் வேலையும் அவருடையதுதான். ஒரு முறை தாடையில் வாங்கிய இடத்தை மறுமுறை யாருக்கும் காட்டாதபடி பழக்கத்தையே மாற்றுவது என்பது, ஆயிரக்கணக்கான தடவை கை தானாகச் செய்யும் ஒன்றை நிறுத்தி வேறொன்றைச் செய்ய வைப்பது. இருபத்திரண்டு வயதில், நாடே அழுது முடித்த தோல்விக்குப் பிறகு, லூயிஸ் அதற்கு உட்கார்ந்தார். அவர் பெரிய ஆட்டக்காரர் என்பதற்கு எனக்கு இது முதல் சான்று.

1938 ஜூன் 22. அதே மைதானம். லூயிஸ் இப்போது சாம்பியன். மணி அடித்ததும் ஜாப்கள்தான் முதலில் போகின்றன. ஷ்மெலிங்கின் தலை பின்னுக்குத் துள்ளுகிறது. மேலே ஏறி வரக் காத்திருக்கும் அந்த வலது கைக்கு வாசல் திறக்கவே இல்லை. பிறகு கயிற்றோரம் நிற்க வைத்து விலாவிலும் தலையிலும் மாறி மாறி. 124 வினாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பழைய படத்தில் லூயிஸின் கால்களை மட்டும் ஒரு முறை பாருங்கள். துள்ளல் கிடையாது, ஓட்டம் கிடையாது. பாதங்கள் தரையோடு தேய்ந்து அரை அடி, அரை அடியாக நகர்கின்றன. இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் அந்தக் கணத்திலிருந்து ஒரு குத்து புறப்பட முடியும். அவருடைய குத்துகள் அவ்வளவு குறைந்த தூரம் பயணம் செய்தும் அவ்வளவு கனமாக விழுந்ததன் ரகசியம் அந்தத் தேய்ப்பில் இருக்கிறது. ஏறக்குறைய 200 பவுண்டு எடைதான். இன்றைய கணக்கில் அவரை ஹெவிவெயிட் என்று கூப்பிடவே தயங்குவார்கள். அந்த உடம்போடு 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தார்.

நான் பார்த்த ஜாப்களில் மிக அழகானது லாரி ஹோம்ஸுடையது. ஜார்ஜியாவில் பிறந்து, பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் வளர்ந்து, ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கார் கழுவப் போன பையன். முகமது அலியின் ஸ்பாரிங் கூட்டாளியாகச் சேர்ந்தார். அலியின் கையால் ஒரு நாள் கண் கறுத்து வீங்கியபோது ஐஸ் வைக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டாராம். அலி கொடுத்த கறுப்பை ஊரில் காட்ட வேண்டுமே. அந்த வயதில் அவர் வாங்கியது அடி மட்டுமே என்று நினைக்கக் கூடாது. உலகத்தின் மிக வேகமான இடது கை எங்கே தொடங்குகிறது, எந்தத் தோள் அசைவில் பொய் இருக்கிறது, எதில் உண்மை இருக்கிறது என்பதை முகத்தால் படித்துக்கொண்டிருந்தார்.

அலியின் ஜாப் சுண்டிவிடும் ஜாப். உடம்பு பின்னுக்குச் சாய்ந்திருக்க, கை மட்டும் முன்னே போய் விரல் நுனியில் கீறிவிட்டு வரும். ஹோம்ஸ் அதைக் கற்று, அதோடு தோளையும் சேர்த்தார். இடது கை தாழ்வாக, சில சமயம் இடுப்புக்குச் சற்று மேலே தளர்ந்து கிடக்கும். அங்கிருந்து அது மேல்நோக்கிப் புறப்படும்போது எதிராளியின் பார்வைக்கோட்டுக்குக் கீழாக வருகிறது. தன் கையுறைகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரிவதே முகத்தில் பட்ட பிறகுதான். பாதி வழியில் முஷ்டி உள்பக்கமாகத் திருகுகிறது. கடைசியில் தோள் வந்து தன் தாடையை மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு இரண்டாவது ஜாப். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் அவர் விடும் இடைவெளி ஒருபோதும் ஒன்றுபோல இருக்காது. சில நேரம் உடனே வரும். சில நேரம் எதிராளி மூச்சு விட்டுக் கையை அரை அங்குலம் இறக்கும்வரை காத்திருந்து வரும். தாளம் தெரிந்தவர் தாளத்தை மீறுகிற மீறல் அது. அதைப் பார்த்துச் சலித்தவர் யாரும் இருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

1978 ஜூன் 9 அன்று லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸில் கென் நார்ட்டனை எதிர்த்து ஹோம்ஸ் இறங்கியபோது அந்த இடது கையில் காயம். சில நாள்களுக்கு முன் பயிற்சியில் தசை கிழிந்திருந்தது. வெளியே சொல்லவில்லை. முதல் சில ரவுண்டுகளில் அதே கையைத்தான் முன்னே அனுப்பினார். நார்ட்டன் ஒருவிதமாகக் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து முன்னேறி வருபவர். ஜாபுக்கு அடியில் புகுந்து உடம்பில் இடிப்பதுதான் அவர் வழி. நடு ரவுண்டுகளில் ஆட்டம் மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது. பதினான்கு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் இருவரும் சமம். மிச்சம் மூன்று நிமிடம். பதினைந்தாவது ரவுண்டில் இருவரும் காலை விட்டுவிட்டுக் கையில் மட்டும் நின்றார்கள். நார்ட்டன் அடிக்க ஹோம்ஸ் தாங்கினார், ஹோம்ஸ் அடிக்க நார்ட்டன் தாங்கினார். முடிவுக்குச் சற்று முன் ஹோம்ஸின் அடிகளில் நார்ட்டன் ஆடிப்போக, மணி அடித்துவிட்டது. இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் அதே எண்ணிக்கையில் நார்ட்டனுக்கும் கொடுத்தார்கள். அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் கிழிந்த தசையோடு முதல் ரவுண்டிலிருந்து போய்க்கொண்டே இருந்த ஜாப்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஹோம்ஸுக்கும் லூயிஸின் அதே குறை உண்டு. தாழ்வாகப் புறப்படும் கை தாழ்வாகத்தானே திரும்பும்? அந்த இடுக்கில் வலது கையை நுழைக்கத் தெரிந்தவர்கள் அவரை வீழ்த்தினார்கள். 1979 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸ் ஏழாவது ரவுண்டில் வலது கையால் அடித்த அடியில் ஹோம்ஸ் மல்லாக்க விழுந்தார். அப்படிப்பட்ட அடி வாங்கியவர் எழுவார் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. எழுந்தார். எழுந்து செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். இடது கையை நீட்டி ஷேவர்ஸின் முகத்துக்கும் தனக்கும் நடுவில் ஒரு தூரத்தைத் திரும்பக் கட்டினார். பதினோராவது ரவுண்டில் ஷேவர்ஸை நடுவர் காப்பாற்ற வேண்டியதாயிற்று. லூயிஸ் குறையைத் திருத்தினார். ஹோம்ஸ் குறையைச் சுமந்துகொண்டே, அதற்கு விலை கொடுத்துக்கொண்டே ஆடினார். இரண்டும் பெரிய ஆட்டக்காரர்களின் வழிதான்.

இந்தக் கைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. சோனி லிஸ்டனின் கை நீட்டம் 84 அங்குலம். அவருடைய ஜாப் மற்றவர்களின் வலது கை அடிக்குச் சமம். அவரோடு ஸ்பாரிங் செய்து வளர்ந்தவர் ஜார்ஜ் ஃபோர்மன். அவருடைய ஜாபும் தூண் போலவே போய் இடிக்கும். எடி ஃபட்ச் டெட்ராய்டில் ஜோ லூயிஸோடு ஒரே பயிற்சிக்கூடத்தில் பழகிய லைட்வெயிட். பிற்பாடு நார்ட்டனுக்குப் பயிற்சி தந்தபோது, அலி ஜாப் போடும் அதே கணத்தில் நீயும் ஜாப் போடு என்று சொல்லிக் கொடுத்தார். அலியின் வலது கை தாடைக்கருகே நிற்காது என்பதை அவர் கண்டிருந்தார். 1973 மார்ச்சில் சான் டியாகோவில் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். நார்ட்டன் அதற்கு முன் ஜோ ஃபிரேசியரின் ஸ்பாரிங் கூட்டாளி. அலியோடு லூயிவில் நகரில் சிறு வயதிலிருந்து கூடவே வளர்ந்த ஜிம்மி எல்லிஸ் ஸ்பாரிங் செய்தபடியே ஒரு பட்டத்தையும் வென்றார். 1980-இல் அலி சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை ஆடியபோது எதிரே நின்றவரும் எல்லிஸ்தான். யார் யாரிடம் அடி வாங்கினார்கள் என்று பட்டியல் போட்டால் அது குரு பரம்பரையாகவே வந்து நிற்கிறது.

நேராக நீள முடியாத ஓர் இடது கையும் இந்த வரிசையில் உண்டு. ஜோ ஃபிரேசியர் தென் கரோலினாவில் பியூஃபர்ட் பக்கத்தில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பையன். சிறு வயதில் ஒரு பெரிய பன்றி துரத்த, ஓடி விழுந்ததில் இடது கை அடிபட்டது. டாக்டரிடம் போகக் காசில்லை. கை கோணலாகவே கூடிவிட்டது. முழுக்க நீட்ட முடியாது. நீளாத கையில் நீளமான ஜாப் பிறக்காது. ஆனால் முழங்கை மடிந்தே இருக்கும் கை ஹூக் அடிப்பதற்கென்றே எப்போதும் தயாராக இருக்கும் கை. 1971 மார்ச் 8, மாடிசன் ஸ்கொயர் கார்டன், பதினைந்தாவது ரவுண்டு. ஃபிரேசியர் இடது பக்கம் சரிந்து தாழ்கிறார். கிட்டத்தட்ட தரையிலிருந்து எழுவது போல அந்த ஹூக் மேலே வருகிறது. அலி அப்பர்கட் போட வலது கையைக் கீழே இறக்கியிருந்த நொடி அது. தாடையில் பட்டதும் கால்கள் மேலே போக அலி மல்லாந்து விழுகிறார். நாலு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டார் என்பது அலியின் பெருமை. நாற்பத்திரண்டு நிமிடம் அடி வாங்கிய பிறகு, அந்த இறக்கத்துக்காகக் காத்திருந்தது ஃபிரேசியரின் பெருமை. ஏழைமை செய்த கோணலைத் தன் ஆயுதமாக வளர்த்துக்கொண்டவரைப் பற்றிப் பேசும்போது வெறும் பலத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஃபோர்மனை எதிர்த்து அலி செய்த ஒரு காரியம் இதற்கு நேர் எதிர். முதல் ரவுண்டில் ஜாபை விட்டுவிட்டு, வலது கையை முன்னறிவிப்பே இல்லாமல் நேராக அனுப்பினார். வலது கை பின்னால் இருக்கும் கை. அது போக வேண்டிய தூரம் அதிகம். இடது கை வழி திறக்காமல் அதை அனுப்புவது தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே அவமதிப்புக்குச் சமம். ஃபோர்மன் எதிர்பார்க்காததற்குக் காரணமும் அதுதான். எட்டாவது ரவுண்டில் அவர் சுற்றிச் சரியும்போது அலியின் வலது கை ஓங்கியபடி இருக்கிறது. விழும் மனிதரைத் தொடர்ந்து அந்தக் கையும் சுற்றுகிறது, ஆனால் இறங்கவில்லை. இறக்கியிருக்கலாம், விதி தடுக்கவில்லை. அந்த விடாத குத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால் தேவையானதற்கு மேல் ஒன்றும் செய்யாத கை அது என்பதால்தான்.

ஃபோர்மனின் பதில் இருபது ஆண்டு கழித்து வந்தது. 1994 நவம்பரில், 45 வயதில், கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிரவுசரைப் போட்டுக்கொண்டு மைக்கேல் மூரரை எதிர்த்தார். அன்று அலியின் கார்னரில் நின்ற ஏஞ்சலோ டண்டி இப்போது ஃபோர்மனின் கார்னரில். ஒன்பது ரவுண்டு முடிவில் கணக்கு மூரர் பக்கம் சாய்ந்திருந்தது. ஃபோர்மன் இடது கையால் தொட்டுக்கொண்டே இருந்தார், தூரத்தை அளந்துகொண்டே இருந்தார். பத்தாவது ரவுண்டில் இடது போனது, அதன் பின்னாலேயே ஒரு சின்ன வலது. ஓங்கிக்கூட இல்லை. தாடை நுனியில் பட்டு மூரர் விழுந்தார்.

ஹெவிவெயிட்டின் தரம் இறங்கிவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு காரணத்தைச் சொல்வார்கள். அமெரிக்காவில் உயரமும் கனமும் உள்ள பையன்கள் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போய்விட்டார்கள் என்று. உண்மைதான். ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற கடைசி அமெரிக்கர் ரே மெர்சர், 1988-இல். பள்ளியிலேயே மைதானம், பயிற்சி, கல்லூரிக்கு உதவித்தொகை, பிறகு கோடிகளில் சம்பளம் என்று ஒரு பாதை தெரியும்போது மூக்கு உடையும் பாதையை எந்தத் தாய் காட்டுவாள்? அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அலியோடும் ஃபிரேசியரோடும் மோதிய ஜெர்ரி குவாரி மூளை சிதைந்து, தானாகச் சாப்பிடவும் முடியாமல், 1999-இல் 53 வயதில் இறந்தார். அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. இந்தக் கலையை ரசிப்பவர் இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் ரசிக்க வேண்டும். பதினைந்து ரவுண்டு பன்னிரண்டானதும் ஒரு சாவுக்குப் பிறகுதான். 1982 நவம்பரில் லைட்வெயிட் போட்டியில் கொரியாவின் கிம் டுக் கூ அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகு குறைத்தார்கள், குறைத்தது சரி.

ஆனால் ஆள் குறைந்ததைவிடக் கைத்தொழில் குறைந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. கைத்தொழிலுக்கு வேண்டியது அடிக்கடி வேலை. 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரை லூயிஸ் மாதம் ஒரு முறை பட்டத்தைக் காத்தார், மொத்தம் ஏழு சண்டை. அலி 1966-இல் மட்டும் ஐந்து முறை. டைசன் ஃப்யூரி 2023 முழுவதும் ரிங்கில் ஏறியது ஒரே ஒரு தடவை. எதிரே நின்ற ஃபிரான்சிஸ் என்கானு அதுவரை தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு போட்டிகூட ஆடாதவர். மூன்றாவது ரவுண்டில் ஃப்யூரியைத் தரையில் உட்கார வைத்தார். நாலு அமைப்புகள், நாலு பட்டங்கள். தோல்வி இல்லாத கணக்கு ஒன்று கையில் இருந்தால் அதைப் பூட்டி வைத்துப் பேரம் பேசலாம். லூயிஸுக்கு ஷ்மெலிங் 22 வயதில் சொல்லிக் கொடுத்ததை இன்றைய இளைஞருக்கு யாரும் அந்த வயதில் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுக்கக்கூடிய ஆளின் பக்கமே அவரை விடுவதில்லை.

கார்னர்களும் தேய்ந்தன. மைக் டைசனை 13 வயதிலிருந்து வார்த்தவர் கஸ் டமாட்டோ. டைசன் குள்ளம், ஐந்தடி பத்து அங்குலம். ஆகவே மற்றவர்களின் ஜாப் எப்படிப் போகும் என்பதைத்தான் முதலில் கற்றார். தலையை இடமும் வலமும் ஆட்டி அதன் அடியில் நுழைந்து, விலாவில் ஒன்று, அதே கையால் தாடையில் ஒன்று. 1985-இல் டமாட்டோ இறந்தார். அவர் வழியில் வந்த கெவின் ரூனியை 1988-இல் டைசன் விலக்கினார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில், முந்தைய மாதம்தான் தாயை இழந்திருந்த பஸ்டர் டக்ளஸ் இடது கையை நீட்டினார். டைசனின் தலை ஆடவில்லை. ரவுண்டுக்கு ரவுண்டு ஜாப் வந்து விழுந்து இடது கண் மூடிக்கொண்டது. வீக்கத்தை அழுத்தி இறக்க வேண்டிய குளிர்ந்த இரும்புத் துண்டுகூட டைசனின் கார்னரில் இல்லை. ரப்பர் கையுறை ஒன்றில் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைத்தார்கள். உலகத்தின் மிகப் பணக்கார ஆட்டக்காரரின் கார்னர் அது. பத்தாவது ரவுண்டில் அவர் விழுந்து தரையில் பல்லுறையைத் தேடியதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ரப்பர் கையுறைதான் மறக்கவில்லை.

உக்ரைனின் விளாடிமிர் கிளிட்ச்கோ இடது கையை நன்றாகவே கற்றவர். எமானுவேல் ஸ்டூவர்ட்டிடம் தேறி, 2006 முதல் 2015 வரை அதை வைத்தே ஆண்டார். ஆனால் அது பெரும்பாலும் வேலி போடும் கை. எதிராளி உள்ளே வராமல் தடுத்து, வந்துவிட்டால் கட்டிப்பிடித்து மேலே சாய்ந்துகொள்ளும். அவரை மதிக்கிறேன், அந்த ஆண்டுகளின் சண்டைகளைத் திரும்பப் பார்க்க ஆசை வருவதில்லை. 2017 ஏப்ரலில் வெம்பிளியில் தொண்ணூறாயிரம் பேர் முன்னால், 41 வயதில், அந்தோணி ஜோஷுவாவிடம் தோற்ற இரவு மட்டும் விலக்கு. ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார், எழுந்தார், ஆறாவதில் ஜோஷுவாவை விழ வைத்தார், பதினொன்றாவதில் முடிந்துபோனார். வேலியை விட்டு வெளியே வந்த கிளிட்ச்கோவை அன்றுதான் முழுசாகப் பார்த்தோம்.

கலை அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதற்கு ஒலெக்சாண்டர் உசிக் போதும். கிரிமியாவின் சிம்ஃபெரோபோலில் 1987-இல் பிறந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கத்துக்கு முன்பும் பிறகுமாகத் தொழில்முறைக்கு வருவதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட அமெச்சூர் போட்டிகள். லூயிஸ் காலத்து ஆட்டக்காரருக்குத் தெருத்தெருவாக இருந்த சிறு அரங்குகள் தந்த அனுபவத்தை இவருக்குக் கிழக்கு ஐரோப்பியப் பயிற்சிக்கூடங்கள் தந்திருக்கின்றன. இடது கைக்காரர், ஆகவே அவருடைய ஜாப் வலது கை. அது பல நேரம் முகத்துக்கே போவதில்லை. எதிராளியின் முன்கையுறையைத் தட்டுகிறது, அழுத்துகிறது, ஒரு பக்கம் தள்ளி வைக்கிறது. அந்தக் கையுறையை எதிராளி மீட்டுக்கொள்வதற்குள் உசிக்கின் வலது பாதம் எதிராளியின் இடது பாதத்துக்கு வெளிப்பக்கம் போய் ஊன்றிவிடும். இரண்டு பாதங்களுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளிதான். ஆனால் அந்த நாலு விரற்கடையில் ஒருவரின் வலது கை தூரமாகிப் போகிறது, மற்றவரின் இடது கைக்கு நேர்வழி திறக்கிறது. இதை அவர் ஒரு ரவுண்டில் எத்தனை முறை செய்கிறார் என்று எண்ணத் தொடங்கினால் குத்துகளைப் பார்க்க மறந்துபோகும்.

2024 மே 18, ரியாத். எதிரே தன்னைவிட உயரத்திலும் கனத்திலும் வெகுவாகப் பெரிய ஃப்யூரி. நடு ரவுண்டுகளில் ஃப்யூரியின் அப்பர்கட்டுகள் உசிக்கின் உடம்பில் இறங்கி ஆட்டம் கை நழுவிப் போவது போலிருந்தது. உசிக் பின்வாங்கவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. பாதத்தை வைக்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்தார். எட்டாவது ரவுண்டில் இடது கை நேராகப் போய் மூக்கில் பட்டது. ஒன்பதாவதில் அதே இடது கை, அதே கோணம். ஃப்யூரி ரிங்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கயிறு கயிறாகப் பிடித்துக்கொண்டு தள்ளாடிப் போக, கயிறுதான் தாங்குகிறது என்று நடுவர் எண்ணத் தொடங்கினார். தீர்ப்பு 115-112, 114-113 என்று உசிக்குக்கு, ஒருவர் மட்டும் 114-113 ஃப்யூரிக்கு. 1999-இல் லெனக்ஸ் லூயிஸுக்குப் பிறகு மறுபேச்சில்லாத ஹெவிவெயிட் சாம்பியன் இவர்தான். டிசம்பரில் மறுபோட்டியில் ஐம்பது பவுண்டுக்கும் மேல் கனம் கூடிய ஃப்யூரியை மறுபடி வென்றார். 2025 ஜூலையில், 38 வயதில், வெம்பிளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் அதே இடது கை படுக்க வைத்தது.

அடுத்தவர் என்று இப்போது எல்லோரும் காட்டுவது இங்கிலாந்தின் மோசஸ் இடாமாவை. 2004 டிசம்பரில் பிறந்தவர், அவரும் இடது கைக்காரர். 2025 ஆகஸ்ட்டில் டிலியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே முடித்தார். கை வேகம் கண்ணைப் பறிக்கிறது, குத்துகளின் வரிசையும் சுத்தம். அந்த இரவு வரை அவருடைய எந்தச் சண்டையும் ஆறு ரவுண்டைத் தாண்டியதில்லை. யாராவது அவரைப் பதினோராவது ரவுண்டுக்கு இழுத்துப் போக வேண்டும். அங்கே, தோள் கனத்து, மூச்சு வாயால் போய்க்கொண்டிருக்கும்போது, ஜாப் போட்ட கை எந்த உயரத்தில் திரும்புகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.